பதினாறு டப்பா நெகட்டிவ்: எதற்குப் பணம் போடுவது?

வடபழனியில் ஒரு வீட்டு மாடி அறை. இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், பழைய வேட்டி போட்டு மூடிய பிலிம் டப்பாக்கள். பத்தாம் எண் டப்பாவின் மூடியை நெம்பினேன். வினிகர் வாடை குப்பென்று கிளம்பிக் கண்ணைக் கரித்தது. அந்த வீட்டு அக்கா இரண்டடி பின்னால் போய், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "கெட்டுப்போச்சா தம்பி?" என்றார்.

"கெட ஆரம்பிச்சிருக்கு அக்கா. இன்னும் போயிடல."

அக்காவின் அப்பா 1967-இல் தயாரித்த கறுப்பு வெள்ளைப் படம் அது. பெயர் வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. காமிராவில் ஓடிய பட நெகட்டிவ் பதினாறு ரீல், ஒலிக்கான சவுண்ட் நெகட்டிவ் பதினாறு ரீல். பிலிம் காலம் முடிந்து லேப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டபோது, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்லி வீட்டுக்கு வந்து சேர்ந்தவை. இவை தவிர, மதுரைப் பக்கத்து விநியோகஸ்தர் குடும்பம் ஒன்று திருப்பிக் கொடுத்த, தியேட்டரில் ஓட்டிய பிரிண்ட் ஒன்று இருக்கிறது. அதில் மூன்றாவது ரீல் இல்லை. தொண்ணூறுகளில் தொலைக்காட்சிக்காக எடுத்த பீட்டா வீடியோ டேப் ஒன்றும் இருக்கிறது.

படம் பெரிய வெற்றி இல்லை. ஆனால் அதில் இரண்டு பாடல்களை இன்றும் வானொலியில் கேட்கலாம். அப்பா கடன் வாங்கி எடுத்த படம் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் அதன்மேல் தனிப் பிரியம். அக்காவும் இரண்டு தம்பிகளும் சேர்ந்து படத்தைக் காப்பாற்ற ஒரு தொகையை ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் நாலைந்து யோசனைகள் வந்து குவிந்துவிட்டன. ஒருவர் ஏஐ வைத்து டேப்பையே 4கே, அதாவது அகலத்தில் நாலாயிரம் புள்ளி உள்ள படமாக, ஆக்கித் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் கலர், ஸ்கோப் அகலத்திரை, டிடிஎஸ் ஒலி எல்லாம் செய்து தியேட்டரில் விடலாம் என்கிறார். பிரிண்டை 2கே-யில் ஸ்கேன் செய்து முழுக்கச் சுத்தம் செய்து தர ஒரு இடம் தயாராக இருக்கிறது. நெகட்டிவை 4கே-யில் ஸ்கேன் மட்டும் செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பேச்சு. தம்பிகளில் ஒருவர், எதுவுமே வேண்டாம், புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார். இருக்கும் பணம் இவற்றில் ஒன்றைத்தான் முழுதாகத் தாங்கும்.

பிலிமை டிவிக்கான வீடியோவாக மாற்றும் டெலிசினி அறையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி டப்பாக்களை வைத்துக்கொண்டு முழிக்கும் குடும்பங்கள் கோடம்பாக்கத்தைச் சுற்றி இன்னும் இருக்கின்றன.

முதலில் அந்த வாடை. ஐம்பதுகளின் தொடக்கம் வரை சினிமா பிலிம் நைட்ரேட்டில் வந்தது, தீப்பிடிக்கும் சரக்கு. கோடாக் 1951-இல் அதை நிறுத்தியது. பிறகு வந்த அசிட்டேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் புளிக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அதிலிருந்து அசிட்டிக் அமிலம் வெளியேறும், வினிகரில் இருக்கும் அதே அமிலம். அந்த அமிலமே மிச்சப் பிலிமையும் வேகமாகப் புளிக்க வைக்கும். தோசை மாவு ஒரு கட்டம் வரை மெதுவாகப் புளித்து, அப்புறம் திடீரென்று பொங்கி வழிகிற மாதிரி. 21 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையிலேயே புதுப் பிலிம் 40, 50 வருடத்தில் வாடை காட்டத் தொடங்கிவிடும். வடபழனி மாடி அறை எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் நல்ல ரீலும் அந்த ஆவியால் கெடும்.

இதை அளக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அமிலம் பட்டால் நிறம் மாறும் காகிதக் கீற்றை டப்பாவுக்குள் வைத்து ஒரு நாள் மூடி வைப்பது. நீலமாகவே இருந்தால் நலம், பச்சைக்குப் போனால் ஆபத்து, மஞ்சளானால் அவசரம். பதினாறு பட ரீல்களில் பதினொன்று நீலத்தை ஒட்டி நின்றன. நான்கு பச்சை. பத்தாவது மஞ்சள். எந்த யோசனையையும் இந்தப் பதினாறு கீற்றுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எடைபோட வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன்.

ஏஐ யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மலிவு அதுதான், வேகமும் அதுதான். பீட்டா டேப்பில் ஒரு கட்டத்துக்கு, அதாவது ஒரு பிரேமுக்கு, 720க்கு 576 புள்ளிகள், அதாவது நான்கு லட்சத்துச் சொச்சம். 4கே முழுச் சட்டக ஸ்கேன் என்றால் 4096க்கு 3112, ஒன்றேகால் கோடிக்கு மேல். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு முப்பது புள்ளி வரைய வேண்டும். மிச்ச இருபத்தொன்பதும் கணினியின் ஊகம். கூட்டத்தில் தூரத்தில் நிற்கும் ஒரு துணை நடிகரின் முகத்துக்கு எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு முகத்தை அது பொருத்திவிடும். தெரிந்த முகங்கள் மெழுகு பூசியது போல ஆகும். டேப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. சினிமா நொடிக்கு 24 கட்டம், நம் தொலைக்காட்சி 25. அதனால் டேப்பில் படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடுகிறது. 160 நிமிடப் படம் ஆறு நிமிடத்துக்கு மேல் குறைந்துவிடும். சுருதியும் அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். பி. சுசீலாவின் குரலை இசைத்தட்டில் கேட்டுப் பழகியவர்கள் டிவியில் ஏதோ இடிக்கிறது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். யூடியூபில் போட ஒரு பிரதி வேண்டும் என்றால் இந்த வழி போதும். படத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

கலர் யோசனைதான் தம்பிகளை இழுத்தது. இழுக்காமல் இருக்காது. 2004-இல் முகலே ஆசம் வண்ணத்தில் வந்து ஓடியதும், 1957-இன் மாயாபஜார் தெலுங்கில் 2010-இல் வண்ணமாகி வந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பணம் திரும்பி வந்த கதைகள். ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கக் காத்திருந்த கூட்டம் எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் கையில் இருப்பது இரண்டு பாட்டுக்காக நினைவில் நிற்கும் படம்.

அதைவிட முக்கியமாக, வண்ணம் பூசுவதற்கும் முதலில் நல்ல கறுப்பு வெள்ளை வேண்டும். மாயாபஜாரின் வண்ணப் பதிப்பிலேயே இரண்டு பாடல்கள் இடம்பெறவில்லை. ஸ்கேன், கீறல் நீக்கம், நடுக்கம் சரிசெய்தல் எல்லாம் முடிந்த பிறகு வருவது வண்ணம். ஆகவே கலருக்கு ஒப்புக்கொண்டால் மற்ற எல்லாச் செலவையும் செய்துவிட்டு அதற்குமேல் ஒரு பெரிய செலவு. பணம் பற்றாமல் போகும்போது எதில் கை வைப்பார்கள்? ஸ்கேனில்தான். திரையில் நிறம் தெரியும், ஸ்கேனின் தரம் அவ்வளவு எளிதில் கண்ணுக்குத் தெரியாது.

எனக்கு இதில் மனத்தாங்கலும் உண்டு, மறைக்கவில்லை. கறுப்பு வெள்ளைக் காமிராமேன்கள் நிறத்தை மனதில் வைத்து விளக்குப் போட்டவர்கள் இல்லை. சிவப்புப் புடவை எந்தச் சாம்பலாக விழும், பச்சைச் சுவர் எந்தச் சாம்பலாக விழும் என்று கணக்குப் போட்டு, புடவையும் சுவரும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பின்னொளி வைத்து நாயகியைப் பிரித்துக் காட்டியவர்கள். மாயாபஜாரில் காமிராமேன் மார்க்கஸ் பார்ட்லி காட்டிய நிலவொளி முழுக்க முழுக்கச் சாம்பல் படிகளால் ஆனது. அதன்மேல் நீலத்தைப் பூசினால் நீலம் தெரியும். நிலவு தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

ஸ்கோப் விஷயம் அதைவிட மோசம். அறுபதுகளின் நம் கறுப்பு வெள்ளைப் படம் பெரும்பாலும் 1.37 அகலத்துக்கு 1 உயரம். அதை 2.35 ஆக்க வேண்டும் என்றால், இழுத்து அகலமாக்கி முகங்களைப் பூசணிக்காய் ஆக்கலாம், அல்லது மேலும் கீழும் வெட்டலாம். வெட்டினால் உயரத்தில் 42 சதவீதம் போகிறது. அக்காவின் படத்தில் ஆறாவது ரீலில் நான்கு நிமிட பரதநாட்டியம் இருக்கிறது. உயரத்தில் 42 சதவீதம் போனால் ஒன்று தலை போகும், இல்லை கால் போகும். கால் தெரியாத ஜதி எதற்கு? இதைச் சொன்னதும் அக்கா, "அந்த டான்ஸுக்கு அப்பா மூணு நாள் கால்ஷீட் வாங்கினார்" என்றார். அத்தோடு ஸ்கோப் பேச்சு நின்றது.

ஒலிக்கு இப்படி ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பழைய படத்தின் ஒற்றைத் தட ஒலியை இன்றைய தியேட்டர் ஸ்பீக்கர்களில் அப்படியே போட்டால் ரசிகர் சோர்ந்துபோவது உண்மை. அதற்காகப் பின்னணி இசையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கீபோர்டில் புதிதாக வாசித்துப் பூசுவது வேறு காரியம். இரைச்சலைக் குறைத்து, ஒற்றைத் தடத்தைச் சுத்தமாக எடுத்து வைத்துவிட்டால், பல ஸ்பீக்கர்களில் பிரிந்து வரும் 5.1 ஒலி வேண்டும் என்பவர் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

இங்கே 1964-இன் கர்ணன் நினைவுக்கு வராமல் போகாது. 2012 மார்ச்சில் டிஜிட்டலில் சீரமைத்து வெளியிட்டபோது, புதுப்படம் போலக் கூட்டம் வந்தது; சென்னையில் நூறு நாளைத் தாண்டியது. 2014-இல் எம்ஜிஆரின் ஆயிரத்தில் ஒருவன் வந்தது. பழைய படத்துக்குத் தியேட்டர் சந்தை இருக்கிறது என்று தமிழ்நாட்டுக்கு நிரூபித்தவை இவை. அந்தக் காட்சிகளில் அரங்கம் எழுந்து நின்று வசனத்தைக் கூடவே சொன்னதைப் பார்த்தவன் நான். அந்த நாளுக்காக நன்றியோடு இருக்கிறேன். ஆனால் இந்த இரண்டும் வண்ணப் படங்கள். நட்சத்திரங்கள் வேறு அளவில். அதே கணக்கைச் சின்னப் படத்துக்குப் போட்டால் வட்டி கட்ட வேண்டி வரும்.

சரி, பிரிண்டா நெகட்டிவா? உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

பிரிண்டை 2கே-யில் ஸ்கேன் செய்து முழுக்கச் சுத்தம் செய்து தருகிறேன் என்ற யோசனையில் நியாயம் இருக்கிறது. பிரிண்ட் என்பது வெட்டி ஒட்டி, ஒளி சரிசெய்து, ஒலியும் சேர்ந்து முடிந்த படம். நெகட்டிவில் வேலை செய்தால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் வெளிச்சத்தை மீண்டும் கணக்கிட வேண்டும், ஒலியைத் தனியாக எடுத்து ஒட்ட வேண்டும். பிரிண்ட் வழியில் குறைந்த பணத்தில் முடிந்த பண்டம் கையில் வரும். அக்காவின் மூத்த தம்பி இதற்குத்தான் சாய்ந்தார்.

ஆனால் பிரிண்ட் ஊர் ஊராகப் போய் வந்தது. சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லோரும் துண்டு பிலிம் சேர்த்தோம். ஃப்யூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி லென்ஸ் ஆக்கி, கண்ணாடியில் வெயிலைப் பிடித்து, வேட்டியில் படம் காட்டினோம். ரீல் அறும்போதெல்லாம் ஆபரேட்டர் இரண்டு மூன்று கட்டத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவார். அந்தத் துண்டுகள்தான் எங்கள் கைக்கு வந்தன. நாங்கள் சேர்த்த ஒவ்வொரு துண்டுக்கும் ஏதோ ஒரு பிரிண்டில் வசனம் ஒரு எழுத்து முழுங்குகிறது. அக்காவிடம் இருக்கும் பிரிண்டில் ரீல் முடிவுகள் எல்லாம் அப்படித்தான், ஒட்டு மேல் ஒட்டு. படம் முழுக்க மழை பெய்கிறது. அந்த மழையில் பாதி பிலிமின் முதுகில் விழுந்த கீறல். மீதி முகத்திலேயே, அதாவது வெள்ளிப் படலத்திலேயே விழுந்தது. முதுகுக் கீறலுக்கு மருந்து உண்டு: ஸ்கேன் செய்யும் வாசலில் பிலிமை ஒரு திரவத்தில் நனைத்தபடி ஓட்டுவார்கள். திரவம் கீறலை நிரப்பிவிடும், ஒளி சிதறாது, கீறல் மறைந்துவிடும். வெள்ளிப் படலமே பெயர்ந்துபோன இடத்தில் எந்தத் திரவமும் உதவாது. பக்கத்துக் கட்டத்திலிருந்து எடுத்து ஒட்ட வேண்டும்.

அது எவ்வளவு வேலை என்று ஒரு கணக்கு. பதினாறு ரீல், சுமார் 14,400 அடி. அடிக்குப் பதினாறு கட்டம். மொத்தம் 2,30,400 கட்டங்கள். தூசியையும் சிறு கீறலையும் மென்பொருள் தானாகவே நிறைய எடுத்துவிடும். இருந்தாலும் அது தவறாக எதையாவது அழித்துவிட்டதா என்று மனிதக் கண் பார்த்தாக வேண்டும். மூக்குத்தியின் மினுக்கைத் தூசி என்று நினைத்து அழித்த மென்பொருளை நானே பார்த்திருக்கிறேன். கட்டத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் 3,840 மணி நேரம். ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 480 நாள். முழுச் சீரமைப்பு என்று ஒரு இடம் மிகக் குறைந்த விலை சொன்னால், இந்தக் கண்கள் எங்கே போயின என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: வடிகட்டியை முறுக்கிவிட்டு, பிலிமில் படத்தை ஆக்கும் நுண்ணிய மணித்துகளையும் கீறலையும் சேர்த்தே வழித்துவிடுவார்கள். துகள் போனால் தோலின் நயமும் போகும்.

நெகட்டிவில் இந்த மழை இல்லை. காமிராவுக்குள் ஓடிய அதே பிலிம் அது. பிரதி எடுக்க எடுக்க ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கூர்மையும் நிழலுக்குள் இருக்கும் விவரமும் குறைந்துகொண்டே வரும். நெகட்டிவ்தான் ஊற்று. நம் சினிமாத் தொழிலில் ஒரு படத்தின் சொந்தத்தையே நெகட்டிவ் ரைட்ஸ் என்றுதான் சொல்வார்கள். கடனுக்கு அடகு வைத்ததும் அதைத்தான். காரணமில்லாமல் அந்தச் சொல் வரவில்லை.

நெகட்டிவ் இல்லாவிட்டால் வேறு வழி இல்லையா என்றால், உண்டு. மலையாள இயக்குநர் அரவிந்தனின் தம்ப் படத்துக்கு மூல நெகட்டிவ் மிஞ்சவில்லை. புனேயில் இருந்த பிரிண்டிலிருந்து எடுத்த மறுநெகட்டிவை வைத்துச் சீரமைத்து 2022-இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். ஷோலே போன்ற படத்துக்கே மூல நெகட்டிவ் வினிகர் நோயில் போய்விட்டது. இங்கிலாந்துக் கிடங்கு ஒன்றில் கிடைத்த, நெகட்டிவுக்கும் பிரிண்டுக்கும் நடுவில் எடுக்கும் இடைப்பிரதியை வைத்து வேலை நடந்து, 2025-இல் இத்தாலியின் போலோன்யாவில் திரையிட்டார்கள். அந்த இரண்டு படங்களுக்கும் தேடிப் போக ஆள் இருந்தார்கள், பணம் இருந்தது. தமிழின் முதல் பேசும் படமான 1931-இன் காளிதாஸுக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சத்யஜித் ராயின் அபு முப்படங்கள்: பதேர் பாஞ்சாலி, அபராஜிதோ, அபுர் சன்சார். 1993-இல் லண்டன் லேப் ஒன்றில் தீப்பிடித்தது. அங்கே இருந்த நெகட்டிவ்கள் கருகின, உருகின, வளைந்தன. அன்றைக்கு உலகத்தில் எந்த இயந்திரத்திலும் அவற்றை ஓட்ட முடியாது. குப்பையில் போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அமெரிக்காவின் ஆஸ்கர் அகாடமி அந்தக் கரிக்கட்டைகளை எடுத்துப் பத்திரமாக வைத்தது. இருபது வருடம் கழித்து போலோன்யாவில் இருக்கும் நிபுணர்கள் அவற்றை ஊறவைத்து, இளக்கி, உருகிய பசையைப் பிரித்து, பிலிம் ஓரத்துத் துளைகளைக் கையால் கட்டினார்கள். கையால் மட்டும் கிட்டத்தட்ட ஆயிரம் மணி நேர வேலை. கடைசியில் பதேர் பாஞ்சாலியில் 40 சதவீதமும், அபராஜிதோவில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே எடுக்க முடிந்தது. மிச்சத்தை வேறு நல்ல பிரதிகள் நிரப்பின. 2015-இல் படங்கள் திரைக்கு வந்தன. இன்று உதவாத நெகட்டிவ் நாளை உதவும் என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை. பிரிண்டையும் தூக்கிப் போடக் கூடாது என்பதற்கு ஷ்யாம் பெனகலின் இந்திப் படமான மந்தன் இருக்கிறது. 2024-இல் கானுக்குப் போன சீரமைப்பில் படம் மூல நெகட்டிவிலிருந்து வந்தது, ஒலியோ பழைய பிரிண்டிலிருந்து வந்தது. அந்த வேலையில் பெரும்பங்கு நடந்ததும் நம் சென்னையில்தான், பிரசாத் நிறுவனத்தில்.

ஆகவே நான் சொன்னது: ஒதுக்கிய பணத்தை நெகட்டிவின் 4கே ஸ்கேனுக்குப் போடுங்கள். சீரமைப்பைத் தள்ளிப் போடுங்கள். கணினியில் கீறல் எடுப்பதை அடுத்த வருடமும் செய்யலாம், ஐந்து வருடம் கழித்து இன்னும் மலிவாகவும் செய்யலாம். பத்தாவது ரீல் ஐந்து வருடம் நிற்காது. பிலிம் சுருங்கிவிட்டால் துளைகள் பழைய இயந்திரத்தின் பற்களில் உட்காராது. இன்றைய ஸ்கேனர்கள் பல் இல்லாமல் உருளையால் இழுப்பதால் ஓரளவு சுருங்கியதையும் ஓட்டும். முறுகி ஒட்டிக்கொண்டுவிட்டால் அதுவும் கஷ்டம்.

4கே வேண்டுமா, 2கே போதாதா என்று இளைய தம்பி கேட்டார். பிரிண்டுக்கு 2கே பெரும்பாலும் போதும். நெகட்டிவில் அதைவிட விவரம் இருக்கிறது. இன்னொரு முறை இந்த டப்பாக்களைத் திறந்து ஓட்ட முடியும் என்று நம்பி 2கே எடுப்பது இந்த நிலைமையில் துணிச்சல். 4கே-யின் சுமை சேமிப்பில் வரும். 2கே கோப்புகள் மூன்று டெராபைட்டுக்குள் அடங்கும், 4கே சுமார் பன்னிரண்டு. வெளி ஹார்டு டிஸ்கில் போட்டுப் பீரோவில் வைத்தால் அது இன்னொரு பத்தாம் எண் டப்பா. கணினிக் கோப்புகளை நீண்டகாலம் வைக்கும் எல்டிஓ டேப்பில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைச் சென்னையிலும் ஒன்றைக் கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி வீட்டிலும் வைக்கச் சொன்னேன். ஒன்பதாம் தலைமுறை டேப் 18 டெராபைட் கொள்ளும். ஆனால் ஒன்பதாம் தலைமுறை இயந்திரம் எட்டாவதை மட்டும்தான் திரும்பிப் பார்க்கும், ஏழாவதைப் படிக்காது. எனவே ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை புது டேப்புக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவு நிற்காது. 2007-இல் ஆஸ்கர் அகாடமி போட்ட கணக்கில், ஒரு படத்தைப் பிலிமாக வைத்துக்கொள்ள வருடத்துக்கு 1,059 டாலர், 4கே கோப்பாக வைத்துக்கொள்ள 12,514 டாலர். டேப் விலை அதற்குப் பிறகு நிறைய இறங்கிவிட்டது. இருந்தாலும் குளிர் அறையில் சும்மா இருக்கும் பிலிமைப் போலக் கோப்பு சும்மா இருக்காது.

அங்கேதான் புனே யோசனை சரியாக வந்து பொருந்துகிறது. ஸ்கேனுக்குப் பதிலாக அதைச் செய்யலாம் என்று நினைத்த தம்பியிடம், ஸ்கேனுக்குப் பிறகு அதைச் செய்யுங்கள் என்றேன். 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசியின் கீழ் இருக்கிறது. மும்பையில் 2014-இல் ஷிவேந்திர சிங் துங்கர்பூர் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் இருக்கிறது. குளிரூட்டிய அறையில் வைக்க இந்த இரண்டும் நம் வீட்டு மாடியைவிட எத்தனையோ மேல். டப்பாவைக் கொடுத்ததாலேயே உரிமை கைமாறிவிடாது, ஆனால் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். முன்னதாக ஸ்கேன் செய்யாமல் கொடுத்தால், வரிசையில் நம் படத்தின் முறை எப்போது வரும் என்பது நம் கையில் இருக்காது.

உரிமை என்றதும் ஒரு தேதி. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம். 1967-இன் படம் என்றால் 2027 டிசம்பர் 31. பாட்டுக்கும் இசைக்கும் தனிக் கணக்கு, எழுதியவர் இறந்தபின் 60 வருடம். 2027 முடிந்த பிறகு அந்தப் பீட்டா டேப்பை வைத்திருக்கும் யாரும் படத்தை ஓட்டலாம் என்றாகிவிட்டால், கலருக்கும் டிடிஎஸ்ஸுக்கும் கொட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க இந்தக் குடும்பத்துக்கு எத்தனை மாதம் இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆனால் நல்ல நெகட்டிவும் அதன் 4கே ஸ்கேனும் இவர்களிடம் மட்டும் இருந்தால், தரமான பிரதி வேண்டும் என்பவர் 2028-க்குப் பிறகும் இந்த வீட்டு வாசலுக்குத்தான் வர வேண்டும்.

லேப்பிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். விலையைச் சுத்தம், பழுதுபார்ப்பு, ஸ்கேன், ஒலி என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். திரவ வாசல் உண்டா என்று கேளுங்கள். துளைகள் தெரியும்படி முழுச் சட்டகத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் திருத்தாத மூலக் கோப்பு, கட்டத்துக்கு ஒன்றாகப் பதியும் டிபிஎக்ஸ் வடிவில் உங்கள் கைக்கு வர வேண்டும். அழகுபடுத்திய எம்பி4 மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள். சவுண்ட் நெகட்டிவையும் பிரிண்டின் ஒலித்தடத்தையும் இரண்டையுமே எடுத்து வையுங்கள். போன டப்பா எல்லாம் எண்ணித் திரும்பி வர வேண்டும், வெட்டுத் துண்டு உட்பட. மிஞ்சும் பணத்தில் அந்த இரண்டு பாடல்களையும் நாட்டியத்தையும் மட்டும் முழுசாகச் சீரமைத்துப் பாருங்கள். பன்னிரண்டு நிமிடம், பதினேழாயிரத்துச் சொச்சம் கட்டங்கள். இந்த இடத்தின் கை எப்படி என்று அதிலேயே தெரிந்துவிடும், வாங்க வருபவருக்குக் காட்டவும் ஆகும்.

கடைசியில் வரிசை. மஞ்சளான பத்தாவதுதான் முதலில் போக வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் பிரிண்ட் டப்பாக்களை இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன். பத்தாவது ரீல் நெகட்டிவில் போனாலும், மழை பெய்தாலும், பிரிண்டில் இருக்கிறது. மூன்றாவது ரீல் பிரிண்டில் இல்லை. நெகட்டிவில் அதன் கீற்று பச்சை. நல்ல தரத்தில் அது இருக்கும் ஒரே இடம் அந்த ஒரு டப்பாதான்.

அக்கா சாக்பீஸ் எடுத்து மூன்றாம் எண் டப்பாவின் மேல் 1 என்று எழுதினார். பத்தாம் எண்ணின் மேல் 2. மற்றப் பச்சை டப்பாக்களுக்கு 3, 4, 5. வேட்டியை மடித்து ஆட்டோ சீட்டில் விரித்து, முதல் ஐந்தையும் படுக்க வைத்து, ஒன்றோடு ஒன்று இடிக்காமல் நடுவில் செய்தித்தாள் வைத்துக் கட்டினோம்.